வன்னிப் புனைகதையிற் சந்தை

ஈழத்துத் தமிழ்ப் புனைகதையில் வன்னிப் பெருநிலம் தனக்கெனத் தனியிடம் பெற்றது 1970களிலேயாகும். 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வெளிவந்த அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி', அதனைத் தொடர்ந்த அவரது 'குமாரபுரம்', 1977இல் வெளிவந்த செங்கை ஆழியானின் 'காட்டாறு' ஆகியன அவ்விடத்தை உறுதிப்படுத்தின. இவற்றைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் 'மண்வாசனை' என்ற ஒரு சொல்லிலேயே தம் மதிப்பீட்டை அடக்கிவிட்டனர். அச்சொல் பாராட்டாகவே வழங்கப்பட்டது. எனினும், வன்னி மண்ணில் விளைந்த பொருள் மூடையிற் கட்டப்பட்டு வண்டியேறிய பின்னர் அதற்கு யாது நேர்ந்தது என்ற வினாவை அது எழவொட்டாமற் செய்துவிட்டது. காடு, குளம், வயல், வேட்டை, வெள்ளம் என்ற ஐந்துக்குள் வன்னி நாவலின் உலகம் நிறைவுபெறுவதாகக் கருதும் வழக்கம் இன்றும் மாறவில்லை. இவ்வைந்துக்கும் அப்பால் சந்தை என்ற ஒன்றுண்டு. வன்னி மனிதன் தன் உழைப்பின் பெறுமதியைப் பிறர் வாயாற் கேட்டறியும் இடம் அதுவே. அவ்விடம் நம் புனைகதையில் எவ்வளவு தூரம் இடம்பெற்றுள்ளது என்பது ஆராயத்தக்கது.

விளைபொருளும் இறைச்சியும் கைமாறும் காட்சி தமிழிலக்கியத்துக்குப் புதியதன்று. புறநானூற்றின் 33ஆம் பாடலிற் கோவூர்கிழார் காட்டும் காட்சியை வன்னியை அறிந்தவர் எவரும் தம்மூர்க் காட்சியெனவே கொள்வர். நாயோடு காட்டில் வாழும் வேட்டுவன் மான் தசையை வட்டியிற் கொண்டுவருகிறான். ஆய்மகள் தயிர்ப்பானையோடு வருகிறாள். உழவர் மனைப் பெண்கள் குளத்தின்கீழ் விளைந்த வெண்ணெல்லைக் களத்திலிருந்து முகந்து அவ்வட்டியும் பானையும் நிறையக் கொடுக்கின்றனர். பெற்றவர் மகிழ்ந்து மீள்கின்றனர். காடு, மேய்ச்சல், குளக்கட்டின் கீழான வயல் என்னும் மூன்று வாழ்க்கைமுறைகளும் ஓரிடத்திற் சந்திக்கின்றன. இங்கு தராசு பேசப்படவில்லை; தரகன் இல்லை. கொண்டுவந்த கலமே அளவுகருவியாகிறது. நெல்லுடையாள் தன் கையால் முகந்து கொடுக்கிறாள்.

இப்பாடலை எடுத்துக்காட்டுவோர் பலர் இவ்வளவோடு நின்று பண்டமாற்றுக்குச் சான்று கூறி அமைவர். பாடல் அங்கு நிற்கவில்லை. இவ்வளம் நிறைந்த நாடு பாடப்படும் மன்னனாகிய சோழன் நலங்கிள்ளியின் நாடன்று; அவன் பகைவனாகிய பாண்டியனது நாடு. அந்நாட்டினுள் ஏழெயிற் கோட்டையின் கதவை உடைத்துத் தன் புலிப்பொறியைப் பொறிக்கும் ஆற்றலுடையவன் என்று நலங்கிள்ளி புகழப்படுகிறான். ஆகவே மான் தசைக்கும் தயிருக்கும் நெல் கைமாறும் அமைதியான காட்சி, படை புகவிருக்கும் நிலத்தின் காட்சியாகும். அமைதிக்கால மாற்றையும் அதன்மேற் கவியும் போரையும் ஒரே பாடலில் வைத்த அப்புலமை, வன்னியைப் பற்றி எழுதும் எவருக்கும் ஒரு பாடமாக அமைதல் கூடும். இதனைப் பழம்பெருமையாக மட்டும் பேசிக் கைவிட்டது நமது திறனாய்வின் குறையேயாகும்.

இனி, இன்றைய சந்தையை நோக்கலாம். கிளிநொச்சிப் பொதுச்சந்தையிலோ முல்லைத்தீவு மாவட்டத்துப் புதுக்குடியிருப்பிலோ வவுனியா நகரிலோ மரக்கறி வாங்கச் செல்பவர் காண்பது சந்தையின் ஒரு முகத்தை மட்டுமே. கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி, கெக்கரி என்பன கூறுகளாகவும் குவியல்களாகவும் கிடக்கும். பாலைப்பழக் காலமாயின் காட்டின் விளைவும் அவற்றோடு சேரும். குளத்து விராலும் திலாப்பியாவும் ஒருபுறம், கடல்மீன் மறுபுறம். 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா இன்று வன்னிக் குளங்களின் இயல்பான மீன்போலாகிவிட்டது. விலை கேட்பதும் குறைக்கக் கேட்பதும் நாட்தோறும் நிகழ்வன. இம்முகத்தை எழுதுவது எளிது. வருணனை தானே வந்து சேரும்.

மறுமுகம் விடியுமுன் நிகழ்வது. தோட்டக்காரன் சாக்குகளோடு வந்து மொத்த வியாபாரியின் முன் நிற்கும் நேரமது. வடபகுதிச் சந்தைகளில் நெடுங்காலமாக முறையிடப்பட்டுவரும் 'கழிவு' என்ற வழக்கம் இங்கு செயற்படுகிறது. 100 கிலோ மரக்கறி நிறுக்கப்பட்டால் 10 கிலோ கழிவென நீக்கப்பட்டு 90 கிலோவுக்கே பணம் கணக்கிடப்படும். அழுகல், ஈரம், ஏற்றியிறக்கும் சேதம் என்று அதற்குக் காரணம் கூறப்படும். ஆனால் அழுகலிருப்பினும் இல்லாவிடினும் பத்துக்குப் பத்தே. தராசு பொய் சொல்லவில்லை; தராசு சொன்ன உண்மையில் பத்திலொன்று ஏற்கப்படவில்லை. களவென்று கூறவியலாத, நியாயமென்றும் கூறவியலாத இவ்வழக்கத்தைவிடச் சிறுகதைக்கு உகந்த பொருள் வேறு யாதுள்ளதென்று தெரியவில்லை. அதற்கும் மேலாக, விலை உள்ளூரிலேயே முடிவாவதுமில்லை. 1999இல் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையம் தொடங்கப்பட்ட பின்னர், அங்கு அன்று இறங்கிய லொறிகளின் எண்ணிக்கை விசுவமடுக் கத்தரிக்காயின் விலையையும் பாதிக்கலாயிற்று. வவுனியாவிலும் அத்தகைய நிலையமொன்றை அமைக்க முனைந்தபோது, ஓமந்தையா தாண்டிக்குளமா என்ற இடத்தகராறு 2016இல் மாதக்கணக்காக நீடித்தது. ஈற்றில் மூன்றாவதோர் இடத்தில் எழுந்த கட்டடம் பல ஆண்டுகள் திறவாது கிடந்தது. அங்கத இலக்கியம் நம்மிடையே அருகிவிட்டதென வருந்துவோர் இதனைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இறைச்சியின் நிலை இன்னும் நுணுக்கமானது. நகரத்து மாட்டிறைச்சிக் கடை உள்ளூராட்சிச் சபையின் அனுமதியோடும் குத்தகையோடும் நடப்பது. 1893ஆம் ஆண்டின் இறைச்சிக்கடைக்காரர் கட்டளைச் சட்டத்தின் நிழல் அதன்மேல் உண்டு. போயா நாளில் அது மூடப்படும். கிராமத்து ஆட்டிறைச்சியோ 'பங்கு' முறையில் நடப்பது. தீபாவளிக்கோ வருடப்பிறப்புக்கோ பலர் சேர்ந்து ஒரு கிடாயை விலைக்கெடுத்து, அறுத்து, பனையோலையிலோ வாழையிலையிலோ சமமாகக் கூறிட்டு எடுத்துக்கொள்வர். ஈரலும் எலும்பும் கொழுப்பும் எல்லாப் பங்கிலும் விழவேண்டும் என்பது நியதி. எந்தப் பங்கும் மற்றதினும் மேலானதாக இருத்தலாகாது. பணம் கைமாறினும் இது வியாபாரமன்று. எனினும் உறவுமட்டுமென்றும் கூறவியலாது. யாருடைய பெயர் பங்கிற் சேர்க்கப்பட்டது, யாருடைய பெயர் சேர்க்கப்படவில்லை என்பதில் ஊரின் சாதியும் பகையும் கடனும் வெளிப்படும். மூன்றாவது வகை காட்டிறைச்சி. 1937ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பின்னர் மரையினதும் மானினதும் இறைச்சியை வெளிப்படையாக விற்றல் இயலாது. வத்தலாக்கப்பட்டு மறைவிற் கைமாறும் அது, சந்தைக்கு வராமலே சந்தைப்பொருளாகும் விந்தையுடையது. கோவூர்கிழாரின் வேட்டுவன் வட்டியை வெளிப்படையாக ஏந்திவந்தவன். அவன் வழித்தோன்றல் இருளில் வந்து போகிறான்.

இவ்வளவையும் மனத்திற் கொண்டு 'நிலக்கிளி'யை அணுகுதல் வேண்டும். தண்ணிமுறிப்பின் காடும், கதிராமனின் உழைப்பும், பதஞ்சலியின் கள்ளமின்மையும், 1964ஆம் ஆண்டுச் சூறாவளியும் அந்நாவலில் உயிர்பெற்றுள்ளன என்பதில் இருவேறு கருத்தில்லை. காட்டு வாழ்வின் நுட்பங்களைத் தமிழில் அவ்வளவு நெருங்கிச் சொன்ன நாவல் அதற்கு முன் ஈழத்தில் வந்ததில்லை எனலாம். ஆயினும் அந்நாவலின் மனிதர் இயற்கையோடும் தம் குருதியுறவோடும் தம் மனத்தோடும் போராடுகிறார்களேயன்றி விலையோடு போராடுவது கதையின் மையத்துக்கு வருவதில்லை. வேட்டை ஒரு வீரமாக, ஒரு கலையாகக் காட்டப்படுகிறது. வயல் உழைப்பவனின் தன்மானமாக நிற்கிறது. அத்தன்மானம் வயலின் வரம்புக்கு வெளியே, வியாபாரியின் படியின் முன் எவ்வாறு நின்றிருக்கும் என்பதை அறியும் வாய்ப்பு வாசகனுக்குக் குறைவு. வெளியூரிலிருந்து வருபவர் பள்ளி ஆசிரியர்; அவர் கொண்டுவரும் குழப்பம் மனத்தின் குழப்பம். மூடை கட்டிச் செல்ல வரும் முதலாளி அந்த அளவுக்கு அக்கதைக்குத் தேவைப்படவில்லை.

ஒப்புநோக்குக்கு வேற்றுமொழி நாவலொன்று உதவும். யாழ்ப்பாணத்திலும் பின்னர் அம்பாந்தோட்டையிலும் குடியேற்ற அரசின் சேவையிலிருந்த லெனாட் வுல்ஃப் 1913இல் வெளியிட்ட 'காட்டிலுள்ள கிராமம்' என்ற ஆங்கில நாவலும் காட்டோரச் சிற்றூரொன்றின் கதையே. அங்கும் வேட்டையும் சேனைச் செய்கையும் வரட்சியும் உண்டு. ஆனால் சேனைக்கு அனுமதி பெற்றுத்தரும் ஊர்த் தலைவனும், விளைச்சலைக் கடனுக்கு ஈடாகக் கொள்ளும் வியாபாரியும் அந்நாவலிற் காட்டைவிடக் கொடியவராய் வளர்கின்றனர். சிலிந்து என்ற வேட்டுவன் ஈற்றில் துப்பாக்கியைத் திருப்புவது விலங்கின்மேலன்று. வுல்ஃப் ஓர் அந்நியர். கிராம மக்களை விலங்கோடு ஒப்பிடும் அவரது நோக்கிற் குறையுண்டு. வன்னி மனிதனின் அகத்தைப் பாலமனோகரன் அறிந்த அளவு அவர் தம் கதைமாந்தரின் அகத்தை அறிந்திலர். எனினும் கடனேட்டை அவர் வாசித்திருந்தார். கச்சேரியிலிருந்து பார்த்தவருக்குத் தெரிந்த ஒன்று, ஊருக்குள்ளிருந்து பார்த்தவருக்கு முதன்மையாகத் தோன்றாமற் போனது சிந்திக்கத்தக்கது.

'காட்டாறு' இக்குறையைத் தன் வழியில் நிரப்ப முயன்றது. ஏழைகளைச் சுரண்டும் பெரியமனிதரையும் அதிகாரத்திலுள்ளோரையும் அது நேரே எதிர்கொண்டது. நிருவாக சேவையிலிருந்த அதன் ஆசிரியருக்கும் கச்சேரிக் கோப்புகள் தெரிந்திருந்தன. எனினும் அந்நாவலிற் சுரண்டல் பெரும்பாலும் தீயவரது செயலாகவே வடிவெடுக்கிறது. தீயவன் இல்லாமலே, எல்லோரும் வழக்கப்படி நடந்துகொள்ளும்போதே விவசாயி தோற்கும் நிலை அதனினும் நுட்பமானது. கழிவு முறையில் நல்ல வியாபாரியும் பத்துக் கிலோவை நீக்குவான்.

அந்நாவல் வெளிவந்த ஆண்டையும் இங்கு நினைவுகூர்தல் தகும். 1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது, விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் குடியேறிய படித்த வாலிபரும் பிறரும் மிளகாய்ச் செய்கையால் நிமிர்ந்தனர். 'அந்தர்' கணக்கில் மிளகாய் ஏற்றிய லொறிகள் தெற்கு நோக்கிச் சென்றன, கல்வீடுகள் எழுந்தன, உழவு இயந்திரங்கள் வந்தன. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் விலை சரிந்தது. சூறாவளியும் இல்லை, வரட்சியும் இல்லை. கொழும்பில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. இங்கிலாந்தில் தோமஸ் ஹாடி 1886இல் எழுதிய 'காஸ்ரபிரிட்ஜ் நகர மேயர்' நாவலில், மழையை நம்பித் தானியத்தை வாங்கிக் குவித்த ஹென்சாட் வெயிலடித்ததும் நொடிந்துபோகிறான். சந்தையின் ஏற்ற இறக்கம் ஒரு மனிதனின் குணத்தையும் விதியையும் சோதிக்கும் களமாக அங்கு அமைந்தது. வன்னியின் மிளகாய் எழுச்சியும் வீழ்ச்சியும் அத்தகைய ஒரு பெருநாவலுக்கு உரிய பொருளாயிருந்தும், காட்டின் அழகு பெற்ற கவனத்தில் ஒரு பங்கையேனும் அவை பெறவில்லை.

பின்னர் வந்த போர் சந்தையை இன்னும் வெளிப்படையாக அரசியலின் இடமாக்கியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் உரம், எரிபொருள், மின்கலம், சீமெந்து முதலியவற்றை வன்னிக்குட் கொண்டுசெல்ல அரசு தடைவிதித்தது. உள்ளே விளைந்தது வெளியேற வழியின்றி மலிந்தது. வெளியிலிருந்து வரவேண்டியது பன்மடங்கு விலையேறியது. 1996இல் கிளிநொச்சி நகர் இராணுவத்தின் கைக்குச் செல்ல, வியாபாரம் மல்லாவிக்கும் புதுக்குடியிருப்புக்கும் பெயர்ந்தது. 2002 ஏப்பிரலில் ஏ9 வீதி திறந்தபோது ஒருபுறம் படையினரின் சோதனையும் மறுபுறம் புலிகளின் வரியும் ஒரே பண்டத்தின் விலையில் ஏறின. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டது. 2009 சனவரி 2ஆந் திகதி கிளிநொச்சி வீழ்ந்த காலந்தொட்டு, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் எனச் சனங்கள் ஒதுங்கிய இடமெல்லாம் தெருவோரத்தில் ஏதோவொரு சந்தை கூடிக் கலைந்தது. சந்தை என்பது கட்டடமன்று என்பதற்கு இதனினும் கொடிய சான்று தேவையில்லை. மீள்குடியேற்றத்தின்பின் எழுந்த கிளிநொச்சிச் சந்தையிலும் 2016 செப்டெம்பரில் தீப்பற்றிப் பெருந்தொகைக் கடைகள் எரிந்தன.

போர்க்காலத்தையும் அதன் பின்னரான காலத்தையும் எழுதியோரிற் பரந்தன் குமரபுரத்தைச் சேர்ந்த தாமரைச்செல்வியின் இடம் வேறானது. கிளிநொச்சிக் குடியேற்ற வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'பச்சை வயல் கனவு' நாவலில் நிலம் காட்சிப்பொருளன்று, அது வேலை. இடப்பெயர்வைச் சொல்லும் அவரது கதைகளிலும் வீட்டுச் செலவின் கணக்கை அறிந்த ஒருவரின் கை தெரிகிறது. வன்னி மனிதரை வேட்டைக்காரராகவோ வீரராகவோ மட்டும் காணாது, அரிசியும் மண்ணெண்ணெயும் தேடும் குடும்பமாகக் கண்டது அவரது பலம். ஆனால் 2009க்குப் பின்னர் வெளிவந்த பல ஆக்கங்களைப் பற்றி இவ்வாறு கூறவியலாது. அவற்றிற் சந்தை வருமாயின் எறிகணை விழுவதற்காகவே வருகிறது. முன்னர் காடாக மட்டும் காணப்பட்ட வன்னி இப்பொழுது களமாக மட்டும் காணப்படுகிறது. இரண்டு நோக்கிலும் அங்கு வாழ்பவர் நாளாந்தம் விற்று வாங்குபவர் என்பது மறைந்துபோகிறது. போரிற் கணவரை இழந்து, தோட்டத்து வெண்டியையும் கீரையையும் சைக்கிளிற் கட்டிவந்து சந்தை வாசலில் விரித்திருக்கும் பெண்களை இவ்வெழுத்து இரங்கத்தக்கவராகவே காட்டப் பழகிவிட்டது. அவர்கள் பேரம்பேசும் திறனையும், கடன் கொடுத்து வாங்கும் ஒழுங்கையும், வியாபாரியை மடக்கும் சொல்லையும் கேட்க அது பொறுமை கொள்வதில்லை.

நாவல் பொருளியல் நூலன்று. கத்தரிக்காயின் விலை அதன் பொறுப்பன்று என்று கூறப்படலாம். விலைப்பட்டியலை எவரும் நாவலிற் கேட்கவில்லை. விற்பவனும் வாங்குபவனும் எதிரெதிரே நிற்கும் கணத்தில் மனித உறவு எவ்வாறு வெளிப்படுகிறது என்பதே கேட்கப்படுகிறது. இது வன்னியின் மரபுக்கு அந்நியமானதுமன்று. வற்றாப்பளைக் கண்ணகை அம்மனை வழிபடும் முல்லைத்தீவு மக்கள் தலைமுறை தலைமுறையாக ஆடியும் கண்டும் வருவது கோவலன் கூத்து. அக்கதை ஒரு பொருளை விற்கச் சென்றவனின் கதையாகும்.

சிலப்பதிகாரத்தை இவ்வாறு நோக்குமிடத்துச் சில இடங்கள் புதுப்பொருள் தருகின்றன. கொலைக்களக் காதையில் ஆயர் மனையிற் கண்ணகிக்கு வெள்ளரி, மாதுளங்காய், மாங்கனி, வாழைப்பழம், நெல்லரிசி, பாற்பயன் எல்லாம் கொடுக்கப்படுகின்றன. விலை பேசப்படவில்லை. அவள் விரல் சிவக்க அரிந்து சமைத்த அவ்வுணவே கோவலனின் இறுதி உணவாகிறது. கொடையாற் கிடைத்த உணவை உண்டு எழுந்தவன், விலைக்கு விற்கும் உலகத்தினுள் நுழைகிறான். முன்னரே அவன் மதுரையின் கடைவீதிகளைச் சுற்றிக் கண்டவன்; கூலவீதியிலே துலாக்கோலுடையோரும் அம்பண அளவையரும் எங்கும் திரிவதை ஊர்காண் காதை விரிவாகவே கூறுகிறது. இத்தனை அளவைகள் நிறைந்த நகரில் அவன் சிலம்பை எவரும் நிறுத்துப் பார்த்ததாகக் காவியம் கூறவில்லை. நூற்றுவர் பின்வர வந்த பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே அதன் மதிப்பையும் அவன் உயிரையும் முடிவுசெய்கிறது. கோவலன் அவ்வூருக்குப் புதியவன். அவனுக்காகச் சான்று கூற அங்கு எவருமில்லை. தன் பொருள் தன்னுடையதே என்று நிறுவும் வழியும் அவனிடமில்லை.

விடியற்புறத்தில் மூடைகளோடு மொத்த வியாபாரியின் முன் நின்று பழகிய கமக்காரன், அன்றிரவு கூத்துக்களரியின் முன் அமர்ந்து இக்காட்சியைப் பார்க்கும்போது அதனைப் பழவினையின் கதையாக மட்டும் கண்டிருப்பான் என்று கொள்ள இடமில்லை. அண்ணாவிமாரும் அதனை அறியாதவரல்லர். பொற்கொல்லன் வரவுக்கு இரவின் எவ்வளவு நேரம் ஒதுக்கப்படுகிறது, அவன் பேச்சு எத்தகைய வழக்குமொழியில் அமைகிறது, பார்ப்போர் எவ்விடத்தில் நகைக்கின்றனர் என்பவற்றைக் கூத்துப் பிரதிகளோடும் ஆட்டத்தோடும் வைத்து ஆராய்தல் தமிழ்த்துறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும். வன்னியின் புனைகதை காணாதுவிட்ட சந்தை, அதன் கூத்தில் எவ்வளவு காலமாக இருந்துவருகிறது என்பது அவ்வாய்விலேயே தெரியவரும்.